பிப் மறுபரிசீலனை: லூபஸ் நாட்குறிப்பு மாதிரி வேண்டும்

வணக்கம். இங்கிலாந்தில் லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ள ஒருவருக்காக, பிப் (PIP, நீண்டகால நோயோ உடற்குறையோ உள்ளவர்களுக்கான அரசு உதவித்தொகை) முடிவை எதிர்த்து மறுபரிசீலனைக் கடிதம் எழுதுகிறோம். முடிவுக் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம்.

மதிப்பீட்டு நாளில் 100 மீட்டர் நடந்தாராம். அதை வைத்து நடமாட்டத்துக்கு 4 புள்ளிதான் போட்டுவிட்டார்கள். சிரமம் கூடினால் புள்ளியும் கூடும். 50 மீட்டரைத் தாண்ட முடியாதவருக்கு 8 உண்டு. ஒரு நாளை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. 12 மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் எப்படி என்பதே கணக்கு. ஒருமுறை நடந்துவிட்டால் போதாது, திரும்பத் திரும்ப, பாதுகாப்பாக, நியாயமான நேரத்துக்குள் நடக்க வேண்டும். இதைத்தான் பலர் எழுத விட்டுவிடுகிறார்கள்.

"சில நாள் முடியாது" என்று எழுதினால் எடுபடாது. "செவ்வாய் காலை 40 மீட்டர், இருமுறை நின்று, பிறகு மாலைவரை படுக்கை" என்று 28 நாளுக்காவது குறிப்பு வேண்டும்.

இப்படிப்பட்ட அட்டவணை யாரிடமாவது இருக்கிறதா? பெயர், முகவரியை அழித்துவிட்டு அனுப்புங்கள். மாதத்தில் எத்தனை நாள் நடக்க முடியவில்லை என்பதை மருத்துவரின் கடிதத்தில் எண்ணாகவே எழுதி வாங்கியவர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். மறுபரிசீலனையிலும் முடிவு மாறாமல் மேல்முறையீடு செய்து, தீர்ப்பாயத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசியவர்களும் எழுதுங்கள். மேல்முறையீட்டுப் படிவத்திலேயே கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவார்கள்.