வீட்டு வாசலிலேயே இஞ்சின் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) இறக்கியவர்கள் சொல்லுங்கள்

சேலம் 800:

என் வண்டி 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். தொப்பூர் கணவாய் ஏறும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. கவனிப்பதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி ஆறவிட்டு வீடு வந்து, ஃபேன் சுவிட்சையும் மாற்றியாச்சு. அப்புறம்தான் கூத்தே. தண்ணீர் குறைகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் சைலன்சரில் வெள்ளைப் புகை, இஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காது. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி விடாமல் குமிழி. மூடியைப் போட்டு ஓடவிட்டால், இஞ்சின் இன்னும் சூடே ஆகவில்லை, மேல் ஹோஸ் அதற்குள் விறைத்துவிட்டது. சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை.

ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதை மட்டும் வைத்து, காஸ்கெட் (ஹெட்டுக்கும் அதற்கு அடியில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போச்சு என்று முடிவுகட்டாதீர்கள். பக்கத்துக் கடைக்கு மட்டுமே ஓடுகிற வண்டியில் ஈரம் கோத்தும் அப்படி ஆகும். ஆயில் அளக்கும் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயிலே நிறம் மாறியிருந்தால்தான் விவகாரம்.

கழற்றுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. ஒவ்வொரு ஹோஸையும் கழற்றுமுன் போனில் படம். திரும்பப் பூட்டும்போது பொருத்திப் பார்க்க வேண்டிய டைமிங் குறிகளின்மேல் என் வீட்டம்மாவின் நகப்பூச்சு. சைலன்சர் பக்கத்து நட்டுகளில் துரு, முந்தின ராத்திரியே துரு ஆயில் ஊற்றிவைத்தேன். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றில் தளர்த்தணும். அதுவும் முழுசாக ஆறின இஞ்சினில்தான். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துகொள்ளும்.

ஹெட்டைத் தூக்கியதும் கதை முழுக்கக் கண்முன். ஒன்றாவது, மூன்றாவது பிஸ்டன் தலையில் கரி அப்பிக் கிடக்கிறது. நடுப் பிஸ்டன் மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச். தண்ணீர் உள்ளே வந்து ஆவியாகி ஆவியாகித் துலக்கியிருக்கிறது. காஸ்கெட்டில் அந்த சிலிண்டரின் உலோக வளையம் கருகி, அங்கிருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டை வரை ஒரு கறுப்புக் கோடு.

ஹெட்டின் அடிப்பரப்பில் எஃகு ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டேன். வளைவு 0.05 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நடுவில் 0.10 தகடு தாராளமாக நுழைந்தது. புது காஸ்கெட்டை மட்டும் போட்டு மூடியிருந்தால் மறுபடி அதே இடத்தில்தான் போயிருக்கும். லேத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

காரைக்குடி அம்பாசடர்:

தம்பி, உங்களுக்கு அலுமினியம், நமக்கு முழு இரும்பு. 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். ஹெட்டைத் தனியாளாகத் தூக்கினால் முதுகு போய்விடும், மகன் ஒருபுறம் பிடித்தான். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் ஷாஃப்ட்டைக் கழற்றியதும், அவற்றைக் கீழிருந்து தள்ளும் புஷ்ராடுகளை வரிசை மாறாமல் அட்டையில் ஓட்டை போட்டுக் குத்திவைக்க வேண்டும். வெளியே இழுக்குமுன் ஒவ்வொன்றையும் லேசாக ஆட்டிவிடுங்கள், இல்லையென்றால் கீழே உள்ள டேப்பட் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும்.

பழைய காஸ்கெட் செம்பும் ஆஸ்பெஸ்டாஸும். உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரப்படுத்திச் சுரண்டினோம். புதியதில் ‘டாப்’, ‘ஃப்ரன்ட்’ என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வைத்தால் போதும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கணும். ராக்கரைப் பிடிக்கிற நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்தே பிடிப்பதால், இறுக்கினால் டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடுவது) மாறும். அதையும் திரும்பப் பார்த்தாக வேண்டும். இந்தக் காலத்துப் பல வண்டிகளுக்கு இந்த மறு இறுக்கமே கிடையாதாம். கொடுத்துவைத்தவர்கள்.

கோவை லேத்:

தினமும் ஹெட் ஃபேசிங் (அடிப்பரப்பை இழைச்சு சமமாக்குறது) போடுறவன் சொல்றேன் சார். வீட்ல கழட்டிக் கொண்டாறவங்க பாதிப் பேரு எமரித் தாளு, டிரில்லுல மாட்டுற டிஸ்க்குன்னு தேய்ச்சிட்டு வர்றாங்க. அலுமினியத்துல அது குழி பறிச்சிரும். அந்தத் தூள் பிளாக் பக்கம் விழுந்து ஆயிலோட போனா பேரிங் காலி. பிளாஸ்டிக் சுரண்டியும் திரவமும் போதும், நேரம்தான் ஆகும்.

இன்னொன்னு, “நல்லா இழைச்சு விடுங்க”ன்னு கேக்காதீங்க. எவ்ளோ கம்மியா எடுத்தா சமமாகுதோ அவ்ளோதான் எடுக்கணும். ஜாஸ்தி எடுத்தா கம்ப்ரெஷன் ஏறும், நாக்கிங் (இஞ்சின் தட்டுற சத்தம்) வரும், டைமிங்கும் லேசா தள்ளும். ஃபேசிங்குக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. வால்வு சீட்டுக்கு நடுவுல விரிசல் இருந்தா ஃபேசிங் காசு தண்டம். பிளாக் மேலயும் அதே ஸ்கேலை வெச்சுப் பாத்துருங்க, அதை யாருமே பாக்குறதில்ல.

திருச்சி புதுசு:

அண்ணா, பழைய போல்ட்டையே போடலாமா?

சேலம் 800:

கையேட்டைப் பாருங்க தம்பி. டார்க் (இறுக்கும் திருகுவிசை) அளவுக்கு அப்புறம் “இவ்வளவு டிகிரி திருப்பு” என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது இறுக்கும்போது இழுபட்டு நீளும் போல்ட், புதுசுதான் போடணும். என்னுடையது சாதா போல்ட்டு, இழையைத் துலக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். அதைவிட முக்கியம் போல்ட் ஓட்டை. அடியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது நசுங்காது, பிளாக்கையே பிளந்துவிடும். துணி சுற்றிய குச்சியால் ஒற்றியெடுத்து, காற்றடித்து உலர்த்துங்கள். அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கோங்க. இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்சோடு. ரெஞ்ச் இல்லையென்றால் கடையில் வாடகைக்கு வாங்குங்கள், கை பழக்கம் இங்கே செல்லாது.

மூடினபிறகு ஹீட்டரைத் திறந்துவைத்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல் ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை இஞ்சினை ஓடவிட்டேன். காற்றெல்லாம் வெளியேறி கூலன்ட் மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றினேன். மறுநாள் காலை, ஆறின இஞ்சினில் மூடியைத் திறந்தால் மட்டம் விளிம்பிலேயே நின்றது.