டிஃபால்ட்: இயல்பா, முன்னிருப்பா, முன்னமைவா?

சேலம், மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்து 'டிஃபால்ட்' (default) என்ற ஆங்கிலச் சொல்லில் வந்து நிற்கிறேன். நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நிற்பது என்றும், கடமை தவறுவது என்றும் அதற்கு இரண்டு பொருள். ஒரே கோப்பில் டிஃபால்ட் பிரிண்டரும் இருக்கிறது, டிஃபால்ட் ஆன கடனும் இருக்கிறது. கடனில் சிக்கல் இல்லை. 'தவணை தவறிய கடன்' என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் 'டிஃபால்ட் வட்டி' என்று ஒரு வரி. முன்கூட்டியே நிரப்பி வைத்த வட்டி வீதமா, தவணை தவறியவரிடம் வாங்கும் அபராத வட்டியா? நிரலாளரைக் கேட்டேன், முதலாவதுதான் என்றார். அதற்கு ஒரு சொல் வேண்டும். சங்கச் செயலாளர் பார்த்ததுமே பிடிபட வேண்டும்.

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? 'இயல்பு' இருக்கிறதே. நன்னூலார் புணர்ச்சியை இயல்பு, விகாரம் என்று பிரிக்கிறார். இரு சொல்லும் மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்பு. தோன்றல், திரிதல், கெடுதல் நேர்ந்தால் விகாரம். பயனர் கை வைக்காத வரை இயல்பு, கை வைத்தால் விகாரம். அவ்வளவுதான்.

இன்னும் நெருக்கமாக வேண்டுமா? 'எழுவாய் வேற்றுமை பெயர்தோன்று நிலையே' என்கிறது தொல்காப்பியம். உருபு எதுவும் சேராதபோது பெயர் தானே முதல் வேற்றுமையாக நிற்கிறது. எதையும் தேர்ந்தெடுக்காதபோது எது நிற்குமோ அதுதானே உங்கள் டிஃபால்ட்? 'எழுநிலை' என்றுகூட ஆக்கலாம். வள்ளுவரும் 'இயல்பாகும் நோன்பிற்கொன் றின்மை' (344) என்று இயல்பையும் இன்மையையும் ஒரே அடியில் வைக்கிறார். ஆங்கிலச் சொல்லும் இன்மையிலிருந்து வந்ததுதான். அதில் உள்ள 'ஃபால்ட்' நம் 'பழுது' என்பதோடு உறவுடையது என்பது என் நெடுநாள் எண்ணம்.

பெங்களூர், நிரலாளர்:

அய்யா, எழுவாய் வேற்றுமையைக் காட்டியதற்கு நன்றி, அது அருமையான பொருத்தம். ஆனால் 'பழுது' ஒட்டாது. ஃபால்ட் பிரெஞ்சு வழியாக லத்தீன் 'ஃபல்லெரே'யிலிருந்து வந்தது. ஏமாற்றுதல், தவறுதல் என்று பொருள். ஃபெயில், ஃபால்ஸ் இரண்டும் அதே குடும்பம். ஒலி ஒத்துவருவதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது.

பொருள் வந்த வழி இதுதான்: முதலில் கடமை தவறுவது, பிறகு வழக்குக்கு வராமல் தவறுவது, ஒருவர் வராததால் மற்றவருக்குத் தீர்ப்பு கிடைப்பது, கடைசியில், வேறு எதுவும் வராததால் நிற்பது. கணினி எடுத்துக்கொண்டது அந்தக் கடைசிப் பொருளை.

'இயல்பு' எனக்கு உறுத்துகிறது. இயல்பு என்றால் உடன்பிறந்த குணம். டிஃபால்ட் என்பது யாரோ ஒருவர் நமக்காக எடுத்து வைத்த முடிவு. உலாவிகளிலும் கைபேசிகளிலும் தன் தேடுபொறியே டிஃபால்ட்டாக இருப்பதற்காக கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. அத்தனை பணம் கொடுத்து வாங்கிய இடத்தை 'இயல்பு' என்று எழுதினால், நீர் பள்ளத்தில் ஓடுவதைப் போல அது தானாக அமைந்தது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். திறந்தமூல மென்பொருள்களில் 'முன்னிருப்பு' ஏற்கெனவே புழங்குகிறது. அதையே போடலாம்.

யாழ்ப்பாணம்:

ஐயாமாருக்கு வணக்கம். கடன் டிஃபால்ட்டுக்கு எங்கள் பக்கம் நடந்ததையும் சொல்லவேண்டும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 7.8 கோடி டொலர் வட்டிக்கான சலுகைக் காலமும் மே 18இல் முடிந்தது. 1948இற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சனங்கள் பேசியதெல்லாம் 'நாடு வங்குரோத்து' (உங்கள் பக்கத்தில் திவால்) என்றுதான். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். ஆனால் கடன் கட்டத் தவறுவதும் வங்குரோத்தாவதும் ஒன்றல்ல. சரியான சொல் கைவசம் இல்லாததால் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டோம். சேலம் மொழிபெயர்ப்பாளர் இரண்டு பொருளையும் பிரித்தே வைக்கட்டும்.

மதுரை, வழக்கறிஞர்:

நீதிமன்றத்திலும் இதே குழப்பம்தான். 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கிடைப்பது 'டிஃபால்ட் ஜாமீன்'. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 167(2), இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187(3). தவறியது காவல்துறை. பெயரைக் கேட்கும் கட்சிக்காரரோ தன் மேல் ஏதோ தவறு என்று பயந்துபோகிறார். அதனால் யார் எதில் தவறினார் என்பதைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கணினிப் பொருளில் எனக்குக் கருத்து இல்லை.

திருச்சி, கணினி ஆசிரியை:

வகுப்பில் நாங்கள் 'தானமைவு' என்கிறோம். பைத்தானில் 'வட்டி(அசல், வீதம்=12)' என்று எழுதிக் காட்டுவேன். வீதம் கொடுத்தால் அது, கொடுக்காவிட்டால் 12. டீக்கடையில் 'ஒரு டீ' என்றால் சர்க்கரை போட்டுத்தான் வரும், வேண்டாம் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் பெங்களூர்த் தம்பி சொன்ன குறை இதற்கும் உண்டு. 12 தானாக அமையவில்லை, நான்தான் எழுதினேன். அப்புறம், திரையில் இடம் இருந்தால் 'தேர்ந்தெடுக்காவிட்டால் இதுவே' என்று முழுதாகவே போட்டுவிடலாமே?

சேலம், மொழிபெயர்ப்பாளர்:

இடம் இல்லை அக்கா, பொத்தானில் பன்னிரண்டு எழுத்துதான். நேற்று தெரிந்த ஒரு சங்கச் செயலாளரிடம் 'முன்னிருப்பு வட்டி' என்று அச்சடித்துக் காட்டினேன். "போன வருஷத்துப் பாக்கி வட்டிங்களா?" என்றார். கணக்குப் புத்தகத்தில் இருப்பு என்றால் கையிருப்பு, ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு. அவர் அப்படித்தான் படிப்பார். இந்த மென்பொருளில் அந்தச் சொல்லை வைத்தால் யாராவது நிலுவைத் தொகையைக் கொண்டுவந்து அந்தக் கட்டத்தில் நிரப்பிவிடுவார்கள்.

பெங்களூர், நிரலாளர்:

இது நான் யோசிக்காத கோணம். 'இருப்பு' கணக்கில் போய்விட்டதால் அதை விட்டுவிடலாம். 'முன்னமைவு' சரியாக வரும். முன்பே யாரோ அமைத்தது என்பது சொல்லிலேயே இருக்கிறது, மாற்றலாம் என்பதும் தெரிகிறது. 'முன்னமைவு வட்டி' என்றால் எந்தச் செயலாளரும் பாக்கி என்று படிக்க மாட்டார்.

திருச்சி, கணினி ஆசிரியை:

முன்னமைவு எனக்குச் சம்மதம். வகுப்பில் தானமைவை மாற்ற முடியாது, தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். உங்கள் கோப்பில் இதையே போடுங்கள்.

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மை அப்படியென்றால் கோப்பு போகட்டும். என் மறுப்பு நிற்கிறது. முன்னமைவு என்பது ப்ரீசெட்டுக்கு, அதாவது தேர்ந்தெடுப்பதற்காக முன்பே அமைத்து வைத்த அமைப்புக்கு, உரிய சொல். ஒரு கேமராவில் முன்னமைவுகள் பல இருக்கலாம். எதையும் தொடாதபோது நிற்பது அவற்றுள் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் 'டிஃபால்ட் ப்ரீசெட்' என்று வரும்போது 'முன்னமைவு முன்னமைவு' என்றா எழுதுவீர்கள்? முதல் வேற்றுமைக்கு எழுவாய் என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். அந்தத் துல்லியம் இங்கும் வேண்டும். எழுநிலையை யாரும் எடுத்துப் பேசக்கூட இல்லை.

சேலம், மொழிபெயர்ப்பாளர்:

அய்யா, இந்தக் கோப்பில் ப்ரீசெட் எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். வட்டிக்கும் பிரிண்டருக்கும் 'முன்னமைவு', கடனுக்குத் 'தவணை தவறியது', அபராத வட்டி அப்படியே அபராத வட்டி. இன்று இரவு ஏற்றுகிறேன். உங்கள் மறுப்பைச் சொற்பட்டியலில் 'எழுநிலை'யோடு சேர்த்துக் குறித்து வைக்கிறேன். அடுத்து வருவது புகைப்பட மென்பொருள். அப்போது கட்டாயம் அதை எடுப்போம்.