ஷேவிங் பிரஷ்ஷுக்கு எந்த பேட்ஜர் நாட் போடலாம்? கொஞ்சம் அவசரம்

தொரப்பாடி தம்பி
அண்ணன்மாரே, ஒரு உதவி. தாத்தா மிலிட்டரியில இருந்தப்ப வாங்குன ஷேவிங் பிரஷ். கைப்பிடி நல்லா இருக்கு, முடிதான் மொத்தமும் கொட்டிப்போச்சு. ஆன்லைன்ல சில்வர்டிப் வகை பேட்ஜர் நாட் (பேட்ஜர்ங்கிற விலங்கோட முடியை அடியில சேர்த்துக் கட்டின குஞ்சம்) வாங்கி அரால்டைட் போட்டு ஒட்டினேன். பார்க்க அட்டகாசமா இருக்கு. ஆனா முகத்துல வச்சா நடுவுல குழி விழுந்து நாலாப்பக்கமும் சாயுது, நுரையும் நிக்க மாட்டேங்குது. இதை எடுத்துட்டு வேற போடலாம்னு இருக்கேன். பேட்ஜர்லயே டூ-பேண்ட் வகையா, பெஸ்ட் வகையா, இல்ல பன்றி முடியா? அடுத்த வாரம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அன்னைக்கு அவர் கையில கொடுக்கணும்.

காட்பாடி ஜங்ஷன்
நாட் விட்டம் எத்தனை மில்லிமீட்டர்? லாஃப்ட், அதான் கைப்பிடிக்கு மேல நிக்கிற முடி நீளம், எவ்வளவு? கைப்பிடி மரமா, கொம்பா, பேக்கலைட்டா? சோப்பா, க்ரீமா? எதுவுமே சொல்லாம கேட்டா எங்களால என்னப்பா சொல்ல முடியும்?

சத்துவாச்சாரி வாசி
நாட்டை விடுங்க, தண்ணியைப் பாருங்க. நம்ம ஊரு போர்வெல் தண்ணியில சோப்பு நுரைக்காது. அதுல இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து வெள்ளையா திரிஞ்சு முடிக்குள்ள போய் உக்காந்துக்கும். எங்க வீட்டுல பக்கெட்டு விளிம்பு முழுக்க உப்புதான். ஒரு டம்ளர் கேன் தண்ணியில நுரைச்சுப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும். திரிஞ்சது ஏற்கெனவே படிஞ்சிருந்தா வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சிட்டிகை லெமன் சால்ட் போட்டு, பிரஷ்ஷைக் கொஞ்ச நேரம் ஊற வச்சு அலசுங்க.

பழைய பிளேடு
இதே கேள்வி இங்க மாசாமாசம் வருது. தேடிப் பார்த்துட்டு வந்து கேட்டா எல்லாருக்கும் நல்லது. சில்வர்டிப்னு விலை மலிவா விக்கிறதுல நிறைய, முனையை வெளுக்க வச்ச சாதா முடி. தம்பி ஏமாந்திருக்காரு, அவ்வளவுதான். நல்ல டூ-பேண்ட் வாங்குங்க. பிரஷ் விஷயத்துல அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

குடியாத்தம் ரவுண்டானா
எதுக்கு புதுசு வாங்கிகினு? சலூன்ல கொடுத்து மேலாப்புல ஒரு இன்ச் ட்ரிம் பண்ணிடு. முடி குட்டையானா விறைப்பு தானா வந்துடும்.

ஆற்காடு அக்கா
ஐயோ, கத்திரிக்கோல் மட்டும் படவே கூடாது! பேட்ஜர் முடி நடுவுல தடிப்பா இருந்து முனைக்குப் போகப் போக ஊசியா மெலியும். முகத்துல மெத்துனு படுறது அந்த முனைதான். அதை வெட்டிட்டா மிச்சம் இருக்கிறது தடிச்ச நடுப்பகுதி, கன்னத்துல முள்ளா குத்தும். நாட் கட்டுறவங்களே மேல வெட்டி வடிவம் கொண்டு வர்றதில்ல. குழிஞ்ச அச்சுக்குள்ள முனையைக் கீழே பார்க்க விட்டு, தட்டித் தட்டி ஒழுங்குபடுத்தி, அடியில கட்டித்தான் அந்த வளைவு வருது.

தம்பி, வகையைச் சொல்றேன், கேட்டுக்கோ. பியூர்னு வர்றது சாம்பல் கலந்த கருப்பு, முனை கொஞ்சம் குத்தும். பெஸ்ட் அதைவிட மெலிசு. சில்வர்டிப்ல முனை வெள்ளை, நடுவுல கருப்புப் பட்டை, அடி மறுபடியும் வெளுப்பு. தண்ணி நல்லாப் பிடிக்கும், ஆனா முடி இளசு, சாயும். டூ-பேண்ட்ல முனை வெள்ளை, அதுக்குக் கீழே அடிவரைக்கும் கருப்பு. அதே நீளத்துல நல்லா நிமிர்ந்து நிக்கும். இந்தப் பேருக்கெல்லாம் பொதுவான தர அளவு எதுவும் கிடையாது. ஒரு கடை சூப்பர்னு விக்கிறதை இன்னொரு கடை சில்வர்டிப்னு விக்கும். அதனால பேரை வச்சு வாங்காதே, விட்டம் என்ன, முடி நீளம் என்னன்னு கேட்டு வாங்கு. காட்பாடிக்காரர் கேட்ட அளவை முதல்ல சொல்லு.

வாணியம்பாடி பாய்
பன்றி முடி எனக்கு ஆகாது, அதனால நான் சின்தெடிக்குக்குப் போயிட்டேன். ஊற வைக்கிற வேலை இல்ல, வாசனை இல்ல, சீக்கிரம் காயும். இப்ப வர்ற சின்தெடிக் முனை பேட்ஜர் மாதிரியே இருக்கு. 24 சைஸ்ல ஒண்ணு என்கிட்ட சும்மாதான் கிடக்கு, வேணும்னா வேலூர் வர்றப்ப தரேன்.

பழைய பிளேடு
நைலானையும் பேட்ஜரையும் ஒரே வரியில எழுதாதீங்க பாய். முடி தண்ணியை உள்ளே வாங்கி வச்சுக்கும், நைலான் வழிய விட்டுடும். தாத்தா பிரஷ்ஷுக்கு பிளாஸ்டிக் போடுறது அவருக்குச் செய்யற மரியாதையா?

வாணியம்பாடி பாய்
தண்ணி வழியுதுன்னா கம்மியா தொட்டுக்கணும், அவ்வளவுதானே? ஒரு உயிரைக் கொன்னு எடுக்காததும் ஒரு மரியாதைதான்.

குடியாத்தம் ரவுண்டானா
கீரி முடியில பிரஷ் செஞ்சா இன்னும் நல்லா நிக்கும்னு பெயின்டருங்க சொல்வாங்க. அது கிடைக்குமா?

காட்பாடி ஜங்ஷன்
அதைத் தேடியே போகாதீங்க. கீரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. அந்த முடியை விக்கிறதும் வாங்குறதும் குற்றம். 2019-ல வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலத்துல சோதனை போட்டு கீரி முடி தூரிகைகளை அள்ளிக்கிட்டுப் போச்சு. ஒரு தூரிகைக்காக எத்தனை கீரியைக் கொல்றாங்கன்னு யோசிங்க. இந்தப் பேச்சு இங்க வேண்டாமே.

பழைய பிளேடு
அது கீரி, இது சீனாவுல இருந்து வர்ற பேட்ஜர். ரெண்டையும் குழப்பாதீங்க. மலிவுன்னு கண்ட முடியையும் வாங்குனா என்ன ஆகும்னு முதல் உலகப்போர்லயே பார்த்தாச்சு. சரியா சுத்தம் பண்ணாத குதிரை முடி பிரஷ்ஷால பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் சிப்பாய்களுக்கு ஆந்த்ராக்ஸ் வந்துச்சு. நம்ம பக்கம் ஆட்டுக்கு வருதே அடைப்பான், அதேதான்.

வாணியம்பாடி பாய்
அப்படிப் பார்த்தா எந்த முடியும் வேண்டாம்னுதானே நானும் சொல்றேன்.

ஆற்காடு அக்கா
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. தம்பி அப்பாவோட விசேஷம் நெருங்குது.

தொரப்பாடி தம்பி
மன்னிக்கணும், பத்திரிகை கொடுக்கப் போயிட்டேன். நாட் 24. ஸ்கேல் வச்சா கைப்பிடி விளிம்புல இருந்து முடி உச்சி வரைக்கும் 61 மி.மீ. கைப்பிடி தேன் கலர்ல கனமா இருக்கு. சோப்பு, போர்வெல் தண்ணி. கேன் தண்ணியில நுரை நல்லா வருது, குழி மட்டும் அப்படியேதான் விழுது.

ராணிப்பேட்டை லேத்
61-ன்னதுமே விஷயம் தெரிஞ்சிடுச்சு. காட்பாடிக்காரர் கேட்ட லாஃப்ட் அதுதான். 24 நாட்டுக்கு 48-ல இருந்து 52-க்குள்ள இருந்தா சரியா நிக்கும். 61-ல எந்த முடியும் சாயத்தான் செய்யும். டூ-பேண்ட் கொஞ்சம் தாங்கும், குழி போகாது. பழைய கைப்பிடியில நாட் உக்கார்ற குழி ஆழம் கம்மியா இருந்திருக்கும், நீ நாட்டை அதுமேலயே உக்கார வச்சிருக்கே. நாட் மொத்த உயரம் 68-ன்னா உள்ளே போனது 7 தான். 50 வேணும்னா 18 உள்ளே போகணும்.

குழியைக் கடையிறப்ப விட்டம் 24-க்கே விடாம அரை மில்லி கூட விடணும். ஏன்னா ஆழமா இறக்கினா நாட் அடியில முடியைப் பிடிச்சிருக்கிற பசைக்கட்டி மட்டும் உள்ளே போகாது, முடியோட அடியும் சேர்ந்து போகும். குழி இறுக்கமா இருந்தா விளிம்புல முடியை நெரிச்சு விரிய விடாது. ஒட்டுறதுக்கு முன்னாடி நாட்டை வெறுமனே இறக்கி அளந்து பார்த்துடணும். ஆழம் கூடிப்போச்சுன்னா அடியில வாஷர் போட்டு ஏத்திக்கலாம்.

ஆற்காடு அக்கா
லேத்காரர் சொல்றதுதான் சரி. கைப்பிடி என்ன பொருள்னு மட்டும் பார்த்துக்கோ. கட்டைவிரலால சூடு வர்ற வரைக்கும் தேய்ச்சு மோந்து பாரு. கற்பூர வாசனை வந்தா செல்லுலாய்டு. அதுக்குக் கொதிநீரோ வேகமான ட்ரில்லோ ஆகாது, சூடேறினா பத்திக்கும். தேன் கலர், கனம்னா கேட்டலின்ங்கிற இன்னொரு பழைய வகை பிளாஸ்டிக்கா இருக்கலாம். அதையும் ஆவியில காட்டாதே, விரிசல் விடலாம்.

அரால்டைட் போட்டதால நாட் முழுசா வர்றது கஷ்டம். முடியை அடியோட அறுத்துட்டு நடுவுல இருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா கடைஞ்சு எடுக்கணும். நாட் போனா போகட்டும், இன்னொண்ணு வாங்கிக்கலாம். தாத்தா கைப்பிடி எங்கேயும் கிடைக்காது.

காட்பாடி ஜங்ஷன்
புதுசை ஒட்டும்போது பசையைக் கம்மியா வை, அடியிலயும் கட்டியைச் சுத்தியும் மட்டும். அதிகமா வச்சா முடியில ஏறி அடி கட்டிதட்டிடும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், அது இன்னும் வேகமா ஏறும்.

தொரப்பாடி தம்பி
கற்பூர வாசனை இல்ல. லேத் அண்ணா, உங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்கேன். பாய், உங்களுக்கும்.

பழைய பிளேடு
எதுவா இருந்தாலும் டூ-பேண்ட் போடுங்க.

சத்துவாச்சாரி வாசி
என்ன ஆச்சு தம்பி? விசேஷம் முடிஞ்சிருக்குமே?

தொரப்பாடி தம்பி
முடிஞ்சுது. டூ-பேண்ட் ஆர்டர் போட்டேன், வந்து சேரல. பாய் கொடுத்த சின்தெடிக் போட்டாச்சு, லாஃப்ட் 51. அப்பா காலையில அதுலதான் ஷேவ் பண்ணாரு. குழி விழல. எல்லாருக்கும் நன்றி.

பழைய பிளேடு
பேட்ஜர் வந்ததும் மாத்திடுங்க. திரும்ப எடுக்கிற மாதிரிதானே ஒட்டியிருக்கீங்க?

ஆற்காடு அக்கா
எதை வச்சு ஒட்டினே தம்பி?

ராணிப்பேட்டை லேத்
அவர் விசேஷ வீட்டு வேலையில இருப்பாரு, நானே சொல்றேன். மீன்தொட்டிக்குப் போடுற சிலிக்கான்தான் அக்கா. குழியைக் கடைஞ்சதும் ஒட்டினதும் நம்ம கடையிலதான். பிடிச்சு முறுக்கி இழுத்தா கையோட வந்துடும்.