காலி மனையில் காய்ந்த புல்லைக் கொளுத்தலாமா? சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சந்தேகம்

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்):
அனைவருக்கும் வணக்கம். மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு காலி மனை இருக்கிறது. புல்லும் சீமைக் கருவேலமும் மண்டிக் காய்ந்து கிடக்கின்றன. தெருவில் போவோர் வீசிய பிளாஸ்டிக் பைகளும் அதில் சேர்ந்துவிட்டன. சித்திரை வெயிலுக்கு முன் சுத்தம் செய்ய அழைத்த ஆள், கொளுத்திவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும் என்கிறார். சுற்றுச்சுவருக்குள், எங்கள் சொந்த இடத்தில் எரிப்பதற்கு மாநகராட்சியிடமோ தீயணைப்பு நிலையத்திலோ அனுமதி பெற வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஆஸ்துமா இருப்பதால், தெளிவாகத் தெரிந்துகொண்டு இறங்க விரும்புகிறோம்.

பதில் (காட்பாடி):
ஐயா, தயவுசெய்து கொளுத்த வேண்டாம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தெருவிலும் தம் வளாகத்துக்கு வெளியே உள்ள பொது இடங்களிலும் எரிக்கக் கூடாது என்றுதான் சொல்லின. அதனால் சொந்த மனைக்குள் எரிக்கலாம் என்று பலர் பொருள் கொண்டார்கள். ஆனால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 22.12.2016 அன்று அளித்த ஆணையில், நிலங்களில் கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதை முற்றிலும் தடை செய்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்று கூறியது. எரிப்பதற்குப் பொறுப்பான எவரும் இதற்குக் கட்டுப்பட்டவர் என்பதால், பட்டா உங்கள் பெயரில் இருப்பது விலக்கு ஆகாது. தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளாட்சி அமைப்பு சொல்லும் முறையில் அகற்ற வேண்டும் என்பதும் அதே 2016 விதிகளில் இருந்ததுதான்.

பதில் (ஓட்டேரி):
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் மனை மலையடிவாரத்தில் இருப்பதுதான் எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது. கோடையில் நம் மலைகளில் புல் எவ்வளவு விரைவாகப் பற்றுகிறது என்பதை வேலூர்க்காரர் எவரும் அறிவோம். ஒரு பொறி சுவரைத் தாண்டினால் போதும். காப்புக்காட்டுக்கு, அதாவது அரசு காப்புக்காடாக அறிவித்த வனத்துக்கு, ஆபத்து நேரும்படி தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மனித உயிருக்கு ஆபத்து விளையும்படி தீயை அலட்சியமாகக் கையாண்டால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மேலும், பிளாஸ்டிக் கலந்த குப்பையில் பிவிசி என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் வகை இருந்தால் டயாக்சின் என்ற நஞ்சு வெளிப்படும். ஆஸ்துமா உள்ளவருக்கு வெறும் சருகுப் புகையே மூச்சை அடைக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் வெட்டிய முள்ளையும் புல்லையும் எங்கே போடுவது?

பதில் (காட்பாடி):
முதலில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கித் தனியே கட்டி, தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படையுங்கள். கருவேல மரத்தை வேரோடு எடுக்கச் சொல்லுங்கள், அடிக்கட்டை நின்றால் மீண்டும் துளிர்த்துவிடும். தண்டு விறகுக்கும் கரிக்கும் ஆகும் என்பதால், விறகு வியாபாரியிடம் பேசினால் வெட்டுக் கூலியில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கலாம். புல்லை, விதை உதிர்வதற்கு முன்பே அறுத்திருந்தால், தென்னம் பாத்தியில் மூடாக்காகப் பரப்பலாம். உங்களுடையது காய்ந்து விதை முற்றியிருக்கும் என்பதால், மனையின் ஒரு மூலையில் குழி எடுத்து, சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறி மட்க வைப்பதே நல்லது. நன்றாகச் சூடேறி மட்கினால்தான் விதைகள் சாகும். மெல்லிய முள் கிளைகளை மட்டும் குழியில் போடாமல், தோட்டக் கழிவாக எடுத்துச் செல்லும்படி மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.