மறு: ‘ஓவர்சைட்’ – கண்காணிப்பு வேண்டாம், ‘ஆய்ந்துரைப்பு’ சரிவருமா?

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

திருகோணமலையில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்காக நாங்கள் எழுதிவரும் அணுப் பாதுகாப்புக் கையேட்டுக்கு ‘ஓவர்சைட்’ (oversight, அதிகாரமுள்ள ஓர் அமைப்பை வெளியிலிருந்து பார்த்துக் குறை சொல்வது) என்பதற்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அந்தச் சொல் என்ன வேலையைச் சுமக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் நான் ஏன் சிலவற்றை ஏற்கவில்லை என்பது விளங்கும்.

கையேட்டின் மூன்றாம் பகுதி அமெரிக்காவின் அணுவாயுத ஆலைகளுக்கான பாதுகாப்புச் சபையை (Defense Nuclear Facilities Safety Board) பற்றியது. அங்கே அணுவாயுதம் செய்யும் ஆலைகளும் அவற்றின் கழிவும் எரிசக்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அவற்றின் பாதுகாப்பையும் அதே திணைக்களம்தான் முன்பு தனியாகப் பார்த்துக்கொண்டது. 1988இல் காங்கிரஸ் சட்டம் இயற்றி, திணைக்களத்துக்கு வெளியே ஐந்து பேர் கொண்ட ஒரு சபையை உருவாக்கியது. ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் அதில் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தச் சபை உரிமம் கொடுப்பதில்லை, தண்டம் அறவிடுவதில்லை. ஹான்போர்ட், லாஸ் அலமோஸ் போன்ற அணுவாயுத வேலை நடந்த இடங்களில் தன் பரிசோதகர்களை நிரந்தரமாக வைத்திருக்கிறது. அவர்கள் கண்டதை வாரா வாரம் எழுதுகிறார்கள். அந்த அறிக்கைகளை யாரும் வாசிக்கலாம். பெரிய குறை என்றால் சபை முறைப்படி ஒரு விதந்துரையை (தமிழ்நாட்டில் பரிந்துரை) வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தையும் கேட்கும். ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று அந்தத் திணைக்களத்தின் தலைவரான எரிசக்திச் செயலாளர் 45 நாட்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தாலும் அந்தப் பதில் பகிரங்கமாக வரும்.

ஹான்போர்டில் நிலத்துக்கடியில் 177 தாங்கிகள் இருக்கின்றன. புளூட்டோனியம் செய்த காலத்துக் கழிவு அவற்றில் கிடக்கிறது. பக்கத்தில் கொலம்பியா ஆறு ஓடுகிறது. அந்தக் கழிவைப் பக்குவப்படுத்தக் கட்டிக்கொண்டிருந்த ஆலையில், தொழில்நுட்பக் குறையைச் சொல்ல வரும் பொறியியலாளர்களின் வாய் அடைக்கப்படுகிறது என்று 2011 ஜூனில் சபை விதந்துரை எழுதியது. வால்வு, குழாய், கொங்கிரீட் பற்றிய புகார் அல்ல அது. பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதையே பாதுகாப்பு விடயமாக எடுத்து, அதற்கு எழுத்தில் பதில் வாங்கினார்கள். இந்தப் பகுதியைத்தான் எங்கள் ஆட்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> கண்காணிப்பு என்று நல்ல சொல் இருக்கிறதே, புதிதாக ஏன்?

பேராதனையிலிருந்து எழுதிய சேர், உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் எங்கள் பகுதியில் கண்காணிப்பு என்றால் சோதனைச்சாவடியும் பெயர்ப்பதிவும், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்ற விசாரிப்பும்தான் நினைவுக்கு வரும். அதிகாரம் மக்களைப் பார்ப்பது அது. எனக்கு வேண்டியது அதிகாரத்தைப் பார்க்கும் ஒரு சொல். மலையகத்தில் இன்னும் பழைய நினைவு ஒன்று இருக்கிறது: கண்காணிதான் கங்காணி ஆனார். தோட்டத் துரைக்காகக் கூலியாட்களைப் பிடித்து வேலை வாங்கிய கங்காணியின் சாயலை, மூடிமறைக்க முடியாதபடி பேசும் ஒரு சபைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மேற்பார்வையிலும் இதே சிக்கல்தான். மேற்பார்வையாளர் வேலை கொடுத்தவரின் ஆள். ஜப்பானில் 2012 வரை அணு நிலையங்களின் பாதுகாப்பைப் பார்த்த முகவரகம், அணுமின்சாரத்தை ஊக்குவித்த பொருளாதார, வர்த்தக அமைச்சுக்குள்ளேயேதான் இருந்தது. புகுஷிமா அணு விபத்துக்குப் பிறகு 2012 செப்டம்பரில் அதைக் கலைத்துத் தனியான அதிகாரசபை ஒன்றை அமைத்தார்கள். இலங்கையிலும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வெவ்வேறாகத்தான் வைத்திருக்கிறது. ஊக்குவிப்பவரும் தட்டிக்கேட்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற அந்தப் பிரிவை மேற்பார்வை என்ற சொல் அழித்துவிடுகிறது.

ஒழுங்குபடுத்தல் என்பதை அந்தப் பேரவை மாதிரி உரிமமும் விதியும் கையில் உள்ள அமைப்புக்கே விட்டுவிடலாம். சென்னை நண்பர் சொன்ன தணிக்கை இங்கே சரிவராது. எங்களுக்கு அது பத்திரிகையில் வெட்டிய செய்தி, கணக்குப் பார்ப்பது கணக்காய்வு. கண்ணோட்டம் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, உண்மைதான். ஆனால் அதன் பழைய பொருள் இரக்கம் காட்டுவது, இன்றைய பொருள் கருத்து. இரண்டும் ஆகாது.

கணக்காய்வு என்ற சொல்லிலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. முதலில் காப்பாய்வு என்று எழுதிப் பார்த்தேன். சங்கத்தில் காட்டியபோது, “படகுக் காப்புறுதிக்காரரா?” என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியோடு அதை விட்டுவிட்டேன். இப்போது முன்வைப்பது ஆய்ந்துரைப்பு. செய்யும் அமைப்பு ஆய்ந்துரைச் சபை, செய்பவர் ஆய்ந்துரையாளர். உள்ளே போய் ஆய்வதும் கண்டதை வெளியே வந்து சொல்வதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆய்ந்துவிட்டு அறிக்கையை அலுமாரியில் பூட்டினால் அது வெறும் ஆய்வு. ஆயவிடாமல் தடுத்தால் உரைக்க எதுவும் இருக்காது. 2018இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் ஓர் உள்ளுத்தரவால் மேலே சொன்ன சபைக்குக் கிடைக்கும் தகவலைச் சுருக்கப் பார்த்தது. சபை பகிரங்க விசாரணை வைத்து எதிர்த்தது. பிறகு காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, தகவல் பெறும் உரிமையை உறுதிப்படுத்தியது. ‘ஆய்ந்து’ என்ற பாதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த உதாரணம் போதும்.

> நீளமாக இருக்கிறது. கட்டுரை விமர்சனம் போலவும் கேட்கிறது.

மட்டக்களப்பு அக்கா, ஒழுங்குபடுத்தலைவிட இது நீளமில்லை. ‘அணுப் பாதுகாப்பு ஆய்ந்துரைப்பு’ என்று முன்சொல்லோடு வந்தால் கட்டுரை ஞாபகம் வராது என்று நம்புகிறேன். கேட்டுப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ‘பப்ளிக் என்கேஜ்மென்ட்’. மக்கள் பங்கேற்பு என்று எல்லோரும் எழுதுகிறோம். எனக்கு அதில் தீராத மனக்குறை உண்டு. அந்தச் சொல்லில் வேலை முழுவதும் மக்களின் தலையில் விழுகிறது: வந்தார்கள், வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தார்கள், பங்கேற்றார்கள். எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் கட்டவிருந்த அனல்மின் நிலையம் பற்றிப் பேசிய காலம் இங்கே பலருக்கும் நினைவிருக்கும். பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்ல நம் சட்டம் 30 நாட்கள் தருகிறது. அந்த நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது, நல்லது. ஆனால் கருத்து எழுதிக் கொடுத்த மனிதருக்கு ‘நீங்கள் சொன்ன இன்ன விடயத்தை இன்ன காரணத்தால் ஏற்கவில்லை’ என்று ஒரு வரியாவது கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புல்மோட்டை மணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு, தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உள்ள மொனசைட்டும் இருக்கிறது. ஆகவே கதிரியக்கப் பேச்சு எங்கள் மாவட்டத்துக்குத் தூரத்துப் பேச்சு அல்ல.

அதனால் கூட்டத்தைக் குறிக்கப் பங்கேற்பு இருக்கட்டும். பதில் சொல்லும் பொறுப்பை ‘மறுமொழிக் கடப்பாடு’ என்று தனியாகப் பெயரிட்டு, கையேட்டில் இரண்டையும் சேர்த்தே எழுதப் போகிறேன். விழிப்புணர்வுக் கூட்டம் இந்த இரண்டிலும் சேராது. அங்கே ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று மிச்சம். சபையின் முறைப்படியான விதந்துரையை அந்தச் சொல்லாலேயே எழுதுவதா? திணைக்களத் தலைவர் விடுமுறைக் கடிதத்தில் ‘விதந்துரைக்கிறேன்’ என்று ஒப்பமிடுவதுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த பொருள். தமிழ்நாட்டின் பரிந்துரையில் ஒருவருக்காகப் பரிந்து பேசும் சாயல் இருக்கிறது. மூதூர் ஆசிரியர் ஐயா அனுப்பிய ‘இடித்துரை’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கட்டளையிட அதிகாரமில்லாத அமைச்சர் மன்னனின் முகத்துக்கு நேரே தவறைச் சொல்வதற்கு நம்மிடம் இருந்த சொல் அது. வாராந்த அறிக்கைக்கு இது கடுமை, ஆனால் 45 நாள் கெடு வைக்கும் ஆவணத்துக்குப் பொருந்தும். சட்டமொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் இதில் தடை ஏதும் காண்கிறீர்களா? மூன்றாம் பகுதி அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்து வந்தால் திருத்திக்கொள்வேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து