பீனிக்ஸ் வெளிச்சங்கள்: ஒரே ராத்திரி, இரண்டு காட்சி

மொட்டைமாடி:
1997 மார்ச் 13. அமெரிக்காவின் நெவாடாவில் தொடங்கி அரிசோனாவில் பிரெஸ்காட், பீனிக்ஸ், டூசான் வரைக்கும் ஊர் ஊராக ஜனங்கள் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். ஆங்கில V எழுத்து மாதிரி வரிசை கட்டிய விளக்குகள். பார்த்தவர்களில் அன்றைய ஆளுநர் ஃபைஃப் சைமிங்டனும் ஒருவர்; முன்னாள் விமானப்படை அதிகாரி. "எல்லாம் ராணுவ ஃப்ளேர் (விமானத்திலிருந்து போடும் எரிவிளக்கு)" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் வாருங்கள், பேசலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன். முதலில், இரண்டு சம்பவத்தை ஒன்றாகக் கட்டுகிறீர்கள். எட்டு மணிக்கு மேல் வடக்கிலிருந்து தெற்கே போனது ஒன்று. பத்து மணிக்கு பீனிக்ஸுக்குத் தென்மேற்கே அந்தரத்தில் நின்று எரிந்தது வேறு. டிவியில் திரும்பத் திரும்பப் போடும் வீடியோ இரண்டாவதுடையது. அது ஃப்ளேர்தான். மேரிலாந்து மாநிலத்தின் ஏர் நேஷனல் கார்டு என்ற துணை விமானப்படையின் ஏ-10 போர் விமானங்கள் டூசானுக்குப் பயிற்சிக்கு வந்திருந்தன. பாரி கோல்ட்வாட்டர் பயிற்சித் தளத்தின் மேல் போட்டுவிட்டுப் போயின. பாராசூட்டில் தொங்கியபடி நாலைந்து நிமிடம் எரியும். எரிகிற சூடே பாராசூட்டைத் தாங்கிப் பிடிப்பதால் இறங்குவதே தெரியாது.

மொட்டைமாடி:
அப்படியென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கித்தானே அணைய வேண்டும்? வீடியோவில் ஒவ்வொன்றாக சுவிட்சைத் தட்டின மாதிரி போகிறதே.

எஸ்ட்ரெல்லாக்காரி:
நான் பின்னாளில் ஆறு வருடம் பீனிக்ஸில் குடியிருந்தவள். நகரத்துக்கும் அந்தப் பயிற்சித் தளத்துக்கும் நடுவில் சியெரா எஸ்ட்ரெல்லா மலை. பகலில் எங்கள் பின்வாசலில் நின்றால் முகடு ரம்பப் பல் மாதிரி தெரியும். இருட்டினால் மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லவே முடியாது. அதற்குப் பின்னால் இறங்கும் விளக்கு முகட்டைத் தாண்டியதும் பட்டென்று காணாமல் போகும். முகடு மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில். வீடியோவையும் பகல் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தவர்களும் இதைத்தான் காட்டினார்கள்.

மொட்டைமாடி:
சரி அக்கா, பத்து மணியை விட்டுவிடுகிறேன். எட்டரை? நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே ஊர்ந்து போனது என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

கணக்குப்பிள்ளை:
பிரெஸ்காட்டில் எட்டேகாலுக்கு, பீனிக்ஸில் எட்டரைக்கு. நேர்க்கோட்டில் சுமார் 125 கி.மீ. கால் மணி நேரம் என்றால் மணிக்கு 500 கி.மீ. இது ஊர்வதா? உயரத்தில் போனால் அப்படித் தெரியும், சத்தமும் எட்டாது. பத்து அங்குலத் தொலைநோக்கியில் பார்த்த ஓர் இளைஞர் விமானங்கள் என்றே சொன்னார்.

மொட்டைமாடி:
ஒருத்தர் சொன்னால் நம்புவீர்கள், ஊரே சொன்னால் மாட்டீர்கள்!

கணக்குப்பிள்ளை:
தலை எண்ணுவதில்லை சார், கையில் என்ன கருவி என்பதுதான். வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தது லென்ஸில் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கிறது. எட்டரை மணி வீடியோவில் விளக்குகளுக்கு நடுவே இடைவெளி மாறுகிறது. ஒரே உடம்பு என்றால் எப்படி மாறும்? நாலைந்து புள்ளி கிடைத்தால் மனசு கோடு போட்டுக்கொள்ளும். மிருகசீரிடத்தில் மான் தலை தெரிவதும் அப்படித்தானே.

தென்னந்தோப்பு:
இடையில் ஒன்று. அந்த மாதம் ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வந்திருந்தது. பீனிக்ஸில் அத்தனை பேர் அன்று வெளியே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண நாளில் யார் சார் மேலே பார்க்கிறார்கள்?

மொட்டைமாடி:
பார்த்தவர்களை நடத்திய விதத்தையும் சொல்லுங்கள். ஜூனில் அதே ஆளுநர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தன் உதவியாளருக்கு வேற்றுக்கிரகவாசி வேஷம் போட்டு, கைவிலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார். கேள்வி கேட்ட மாநகராட்சி உறுப்பினர் ஃபிரான்சஸ் பார்வுட்டுக்கும் கேலிதான் மிச்சம். அப்புறம் 2007-இல் வந்து "நானும் பார்த்தேன்" என்கிறார். ஃப்ளேர் போட்டது நாங்கள்தான் என்று ராணுவத் தரப்பு சொல்வதற்கும் ஜூலை ஆகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
அதில் உங்கள் பக்கம்தான். மறுநாள் காலையே சொல்லியிருந்தால் பாதிக் கதை கிளம்பியே இருக்காது. ஆனால் பத்து வருடம் கழித்து வந்த சாட்சியை வைத்து வேற்றுக்கிரகம் வரை போக மாட்டேன்.

மொட்டைமாடி:
நானும் வேற்றுக்கிரகம் என்று சொல்லவில்லையே! ஃப்ளேருக்கு ஆள் வந்து ஒப்புக்கொண்டார்கள். எட்டரைக்கு வந்தது யாருடைய விமானம், எந்தப் படைப்பிரிவு? அதைச் சொன்னால் மூட்டையைக் கட்டிவிடுகிறேன். அக்கா, அந்த மலையின் பகல் போட்டோ இருந்தால் போடுங்களேன்.

எஸ்ட்ரெல்லாக்காரி:
பழைய ஹார்ட் டிஸ்கில் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.