மடிக்கணினியில் திரை வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

இரவுப்பணியாளர்

அப்பா அறுவை சிகிச்சை முடிந்து பொது வார்டில் இருந்தபோது இரவில் நான்தான் துணைக்கு இருந்தேன். விளக்குகளை அணைத்த பிறகு, காலைக்குள் அனுப்ப வேண்டிய கணக்கு ஒன்றுக்காக மடிக்கணினியைத் திறந்தேன். திரை முழு வெளிச்சத்தில் எரிந்தது. வெளிச்ச விசையை எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தியும் பயனில்லை. கீழ்மூலையில் வழக்கமாக இருக்கும் வெளிச்சப் பட்டையே காணாமல் போயிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். அவர் கடிந்து பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

காரணம் மறுநாள்தான் தெரிந்தது. சில நாள்களுக்கு முன் ஒரு கடையில் விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தவர்கள், டிஸ்ப்ளே டிரைவரை, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் சிப்பை இயக்கும் மென்பொருளை, நிறுவாமல் விட்டிருந்தார்கள். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. அது படத்தைக் காட்டுவதற்கு மட்டும் போதுமான பொது டிரைவர். அது இருக்கும் வரை வெளிச்சக் கட்டுப்பாடு வராது. மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய டிரைவரை இறக்கி நிறுவியதும் பட்டை திரும்பி வந்தது. இப்படி வேறு யாருக்கேனும் நேர்ந்திருக்கிறதா?

லினக்ஸ் பயனர்

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. பட்டை இருந்தது, விசையை அழுத்தினால் நகரவும் செய்தது, வெளிச்சம் மட்டும் அசையவில்லை. பகல் ரயிலில் சன்னலோர இருக்கையில் அமர்ந்து ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரையில் 100 விழுக்காடு என்று எண் தெரிகிறது, அந்த எண்ணை வாசிப்பதற்கே கையால் வெயிலை மறைக்க வேண்டியிருக்கிறது. அந்த முரண் என்னை வீடு சேரும் வரை விடவில்லை.

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸில் சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் பேக்லைட் என்று ஓர் இடம் உண்டு. என் கணினியில் அங்கே 'ஏசிபிஐ வீடியோ 0', 'இன்டெல் பேக்லைட்' என இரண்டு பெயர்கள் இருந்தன. முன்னது ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வழியாக வெளிச்சத்தை மாற்றச் சொல்வது, பின்னது கிராஃபிக்ஸ் சிப்பிடம் நேரடியாகச் சொல்வது. விசை முன்னதை மாற்றிக்கொண்டிருந்தது, ஃபர்ம்வேரோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னதில் ஓர் எண்ணை எழுதியதும் திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. பிறகு, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப் என்ற நிரலின் அமைப்பில் ஏசிபிஐ பேக்லைட் என்பதற்கு, நேரடி வழியைக் குறிக்கும் 'நேட்டிவ்' என்ற மதிப்பைச் சேர்த்தேன். பழைய குறிப்புகள் பலவற்றில் 'வென்டர்' என்ற மதிப்பைச் சொல்லியிருப்பார்கள். 2014இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 3.16 முதல், விண்டோஸ் 8 காலத்திலும் அதன் பின்னும் வந்த கணினிகளுக்கு நேரடி வழியே இயல்பாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால், அந்தக் குறிப்புகளை ஆண்டு பார்க்காமல் பின்பற்ற வேண்டாம். இன்னொன்று, பேக்லைட்டுக்குள் வெளிச்ச எண்ணை எழுதும் கோப்பில் சுழியத்தை எழுதினால் சில கணினிகளில் திரை முற்றிலும் இருண்டுவிடும்.

பழுதுநீக்குபவர், கோவை

மேலே எழுதிய இருவரும் மென்பொருளோடு நின்றுவிட்டார்கள். எல்லாவற்றையும் டிரைவர் தலையில் போடுவது சரியன்று என்பதால் எழுதுகிறேன். தையல் வடிவங்கள் வரையும் அம்மா ஒருவர் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். வெளியே ஒரு கடையில் அதற்குத் திரை மாற்றியிருந்தார்கள். அதன் பிறகு வெளிச்சம் ஒரே அளவில் நின்றுவிட்டது. விண்டோஸை மீண்டும் மீண்டும் நிறுவி அவருடைய கோப்புகள் பாதி போய்விட்டன. நான் மூடியை மெல்லச் சாய்த்தேன். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெளிச்சம் சட்டென்று தாழ்ந்தது, இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் மீண்டும் உயர்ந்தது. அதைப் பார்த்து அந்த அம்மாவின் கண் கலங்கியது, போன கோப்புகளை நினைத்து.

தாய்ப்பலகையிலிருந்து திரைக்குச் செல்லும் கேபிளில் படத்துக்கான இழைகள் தவிர, வெளிச்சத்துக்கென்றே தனியாக இரண்டு இழைகள் உண்டு. ஒன்று, திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பின்விளக்கை எரியச் சொல்வது, மற்றொன்று எவ்வளவு எரிய வேண்டும் என்று சொல்வது. இரண்டாவதில் செல்வது பி.டபிள்யூ.எம். சமிக்ஞை, அதாவது மிக விரைவாக மாறி மாறி வரும் துடிப்பு. துடிப்பு நீண்டால் வெளிச்சம் கூடும், சுருங்கினால் குறையும். அந்த ஓர் இழை மட்டும் கீல் அருகே நைந்துபோனால் படம் தெளிவாகத்தான் தெரியும், வெளிச்சம் மட்டும் சொன்னபடி கேட்காது. பொருத்தமற்ற மாற்றுத் திரையைப் போட்டாலும் இதே விளைவு வரலாம்.

ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், விண்டோஸை அழிப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள். கணினியைத் தொடங்கும்போதே, விண்டோஸ் வருவதற்கு முன் இயங்கும் பயாஸ் அமைப்புக்குள் சென்று, அங்கே வெளிச்ச விசைகளை அழுத்துங்கள். பல மடிக்கணினிகளில் அவை அங்கும் வேலை செய்யும். அங்கே வெளிச்சம் மாறினால் கேபிளும் திரையும் நலம், கோளாறு இயங்குதளத்தில் இருக்கிறது. அங்கும் மாறவில்லை என்றால், லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால் பெரும்பாலும் வன்பொருள்தான். திரை முழுவதும் கறுத்துவிட்டால் டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் திரை உயிரோடு இருக்கிறது, பின்விளக்கோ அதற்கான ஃபியூஸோதான் போயிருக்கிறது. ஃபியூஸ் மாற்றும் வேலைக்கு முழுத் திரையின் விலையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நைந்த கேபிளை டேப் சுற்றிச் சரிசெய்வதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆல்பம் வடிவமைப்பாளர்

ஐயா சொல்லும் கேபிள் கோளாறு உண்மைதான், ஆனால் வெளிச்சம் தானாக ஏறி இறங்கினாலே கேபிள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். என் மடிக்கணினியில் மின் இணைப்பைக் கழற்றியதும் வெளிச்சம் மாறும், விசையை அழுத்தி ஏற்றினாலும் சற்று நேரத்தில் மீண்டும் தாழும். அந்த நிலையில் ஒரு திருமண ஆல்பத்தின் நிறங்களைச் சரிசெய்து அச்சுக்கு அனுப்பினேன். அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை அச்சில் செங்கல் நிறமாக வெளிறி வந்திருந்தது. மணப்பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவியபடி, "இது அவள் புடவை இல்லையே" என்றார்.

காரணம், பேட்டரியைச் சேமிப்பதற்காக, திரையில் தெரியும் படத்துக்கேற்ப வெளிச்சத்தையும் ஒளி-நிழல் மாறுபாட்டையும் (கான்ட்ராஸ்ட்) தானாக மாற்றும் வசதி. விண்டோஸ் 11இல் டிஸ்ப்ளே அமைப்புகளில் பிரைட்னஸ் வரியை விரித்தால் அதை அணைக்கும் இடம் தெரியும். ஏ.எம்.டி. சிப்களில் வேரி-பிரைட் என்ற பெயரிலும், இன்டெல் சிப்களில் டிஸ்ப்ளே மின்சேமிப்பு என்ற பெயரிலும் இதே வேலையைச் செய்யும் வசதிகள் அவற்றுக்குரிய அமைப்புச் செயலியில் தனியாக உள்ளன. ஓரிடத்தில் அணைத்தால் மற்றதும் அணைந்துவிடும் என்று நம்ப வேண்டாம், இரண்டையும் பாருங்கள். இப்போதெல்லாம் நிறம் திருத்தும் வேலையை நான் மின் இணைப்பில்தான் செய்கிறேன்.

கணிப்பொறி ஆசிரியை

எங்கள் ஆய்வகத்தில் நடந்ததில் டிரைவரிலும் குறையில்லை, கேபிளிலும் குறையில்லை. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவிய பிறகு, ஒரே ஒரு மடிக்கணினியில் பட்டை உறைந்து நின்றது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி டிவைஸ் மேனேஜரைத் துழாவிவிட்டு, "டீச்சர், இந்த மானிட்டர் படத்தின் மேல் ஓர் அம்புக்குறி கீழ்நோக்கி இருக்கிறது, ஏன்?" என்று கேட்டாள். மானிட்டர்ஸ் என்பதன் கீழ் 'ஜெனரிக் பி.என்.பி. மானிட்டர்' முடக்கப்பட்டிருந்தது. வலச்சொடுக்கி இயங்கச் செய்ததும் வெளிச்சம் கேட்கத் தொடங்கியது.

இரவுப்பணியாளர் அவர்களே, உங்களைப் போல் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் வரியை மட்டும் பார்த்திருந்தால் நாங்கள் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தேடுபவர்கள் அதன் கீழே உள்ள மானிட்டர்ஸ் வரியையும் திறந்து பார்க்கட்டும். வெளியிலிருந்து இணைத்த தனி மானிட்டரில் விண்டோஸின் பட்டை பெரும்பாலும் வேலை செய்யாது. அதற்கு மானிட்டரிலேயே உள்ள பொத்தானைத்தான் பயன்படுத்த வேண்டும், அது கோளாறு அன்று.